கமீலோ சொல்ல வந்தது என்ன

ராஜர்ஸ், ஆர்கன்சா
வியாழக்கிழமை காலை

என் அன்பு மகள் யனீராவுக்கு,

உன் அப்பா ஒவீதியோ எழுதுவது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீயும் மாப்பிள்ளை டெரெக்கும் கமீலோவும் சின்னவள் நோயெமியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், அந்த அலாஸ்காக் குளிரில் கதகதப்பாக ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் அவர் தயவில் எழுந்து நடமாடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், முதலில் அவர் தொப்பையைக் குறைக்கட்டும் என்று அம்மா காரில் வரும்போது என்னிடம் சொல்கிறாள், ஏதோ நான்தான் அந்தத் தொப்பையை வளர்த்தவன் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் பூபூசா ரொட்டி சுட்டு விற்பதை மட்டும் நிறுத்த மாட்டேன் என்கிறாள். மூன்று மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டுச் சாயங்காலம் பூராவும் ஐயோ அம்மா என்று படுத்திருப்பாள். நான் மாவு பிசைந்து தருகிறேன் என்று போனால், உன் விரல் பட்டால் மாவு கல்லாகிவிடும் என்று விரட்டுகிறாள். அவள் சொல்வதும் சரிதான். முப்பது வருஷம் அந்தக் குளிர் ஆலையில் கோழி வெட்டியதில் என் வலது கை இரண்டு விரலும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதனால்தான், பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். இது அவள் முன்னால் பேசக்கூடிய விஷயம் இல்லை. அவள் இப்போது கோயிலுக்குப் பூ வைக்கப் போயிருக்கிறாள், பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வருவாள். அதற்குள் எழுதி ஒட்டி நானே தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு வாயு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய் என்பது என் காதிலேயே இருக்கிறது. "அப்பா, உங்க வைத்தியம் வேலை செய்யுதுப்பா" என்றாய். ஒரு வருஷமாகக் கமீலோ உன்னோடு ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்கிறான், நீ ஸ்பானிஷில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான், நோயெமியும் அண்ணனைப் பார்த்து அப்படியே செய்கிறாள், டெரெக்குக்கோ இங்கிலீஷைத் தவிர எதுவும் தெரியாது, நான் ஒருத்தியாக இழுத்து இழுத்துக் களைத்துவிட்டேன் என்று நீ போன மாதம் அழுதது எனக்குத் தெரியும். டெரெக்கை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல பையன், அவன் மொழியை அவன் பேசுகிறான். அப்புறம் நீ, நம் வீட்டில் நான் வைத்திருந்த சட்டத்தை உன் வீட்டிலும் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னாய். வாசலுக்குள் வந்துவிட்டால் ஸ்பானிஷ். இங்கிலீஷில் எது கேட்டாலும் அம்மாவுக்குக் காது கேட்காது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்னது? ஒண்ணும் கேக்கலையே" என்று நான் செய்வேனே, அதையே நீயும் செய்கிறாயாம். போன செவ்வாய்க்கிழமை கமீலோ பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வந்து, பையைத் தரையில் எறிந்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்துபோய் இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தானாம். நீ காதில் கையை வைத்தாயாம். அவன் கொஞ்ச நேரம் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஸ்பானிஷில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டானாம். மறுநாள் காலையில் பாலும் ரொட்டியும் ஸ்பானிஷிலேயே கேட்டானாம். "பாருங்கப்பா, ஒரே வாரம்" என்றாய். உன் அம்மா கை தட்டினாள். "அப்படியே உன் அப்பா மாதிரி" என்றாள். நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். இங்கே மார்ச் மாதத்தில் ஏது தக்காளிச் செடி. வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகளே, அந்தச் சட்டத்தை நான் ஏன் போட்டேன் என்று உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அப்பன் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடாதே. ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்த பெர்த்தா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பிள்ளை. சிறுநீரகம் கெட்டுப்போய் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். அவள் மகள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், காலேஜில் படிக்கிற பெண். அந்தப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் வராது, பெர்த்தாவுக்கு இங்கிலீஷ் வராது. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரம் நான் இருந்தேன், ஒரு மணி நேரமும் சிரித்தார்கள், அவ்வளவுதான். பெர்த்தா என் பக்கம் திரும்பி, "ஒவீதியோ, என் கால் மரத்துப் போச்சுன்னு இவகிட்டச் சொல்லேன்" என்றாள். பெற்ற மகளிடம் சொல்ல என்னைத் தூது கேட்டாள். எனக்கு மட்டும் என்ன இங்கிலீஷ் வழிந்தது, கையைக் காலைக் காட்டித்தான் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். உன் தம்பி வில்பருக்கு நான்கு வயது, தொலைக்காட்சியைப் பார்த்து இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தான். ஆடிப்போய்விட்டேன். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. பயத்தில் போட்டேன். பாசத்தில் போட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உனக்கு அது விளையாட்டாக இருந்தது. நீ எல் சால்வடாரில், நம் ஊர் சலாத்தெனாங்கோவில் பிறந்து நான்கு வயதில் இங்கே வந்தவள், உனக்கு ஸ்பானிஷ் நாக்கிலேயே இருந்தது. நான் காதில் கையை வைத்தால் நீ உடனே மாற்றிப் பேசிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளுவாய். இன்றைக்கு நான் எழுதுகிற இந்தக் கடிதத்தை நீ யார் உதவியும் இல்லாமல் படிக்கிறாய் என்றால் அதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் தம்பி இங்கே பிறந்தவன். அவனுக்குப் பேச்சே கொஞ்சம் தாமதம். நம் மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல அவன் நெற்றியெல்லாம் வேர்க்கும். சொல்லி முடிப்பதற்குள் நீ அவனுக்காகச் சொல்லிவிடுவாய், நான் உன்னைத் திட்டுவேன், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். எனக்குத் தெரியாமல் அம்மா அவனுக்கு இங்கிலீஷில் பால் கொடுத்தாள், இங்கிலீஷில் போர்வை போர்த்தினாள், அதாவது அவன் எப்படிக் கேட்டாலும் கொடுத்தாள். நான் கண்டுபிடித்துச் சண்டை போடுவேன். இவனைக் கெடுப்பதே நீதான் என்பேன்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. என் அப்பா இறந்தபோது நானும் வில்பரும் மட்டும்தான் ஊருக்குப் போனோம், உனக்குப் பள்ளி இறுதித் தேர்வு, அம்மா உன்னோடு இருந்துவிட்டாள். அவனுக்குப் பதின்மூன்று வயது. ஒன்பது நாள் ஜெபத்தில் கடைசி நாள், மத்தியானம், வீட்டில் வைத்திருந்த ஜெப பீடத்தை எடுப்பதற்கு முன்னால் ஊரே வந்து காப்பியும் இனிப்பு ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தது. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாத்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். வில்பர் எழுந்தான். நான் சொல்லச் சொல்லவில்லை மகளே, அவனாகத்தான் எழுந்தான். ஒரு வாரமாகத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறான், எனக்கே தெரியாது. இரண்டே வாக்கியம் சொன்னான். இரண்டும் தப்பும் தவறுமாக வந்தன, உச்சரிப்பு வெள்ளைக்காரன் மாதிரி இருந்தது. என் அண்ணன் செப்பே அதே குரலில் அவனை மாதிரியே திருப்பிச் சொல்லிக் காட்டினான். "டேய், எங்க தம்பி அமெரிக்காவுலேர்ந்து துரையைக் கூட்டிட்டு வந்திருக்கான்டா" என்றான். ஜெபத்துக்கு வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். அண்ணன்மார் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது, பிள்ளையை வளர்க்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்று இருந்தது, சிரித்துவிட்டால் நானும் அவர்கள் பக்கம் ஆகிவிடுவேன் இல்லையா. வில்பர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அழவில்லை. அதன் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு ஸ்பானிஷ் சொல் வரவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவன் ஸ்பானிஷ் பேச மாட்டான், நான் இங்கிலீஷ் கேட்க மாட்டேன். நீ காலேஜுக்கு லிட்டில் ராக் போய்விட்டாய். அம்மா ஆலையில் இரண்டாவது ஷிப்ட், மத்தியானம் போனால் பாதி ராத்திரிதான் வருவாள். நான் முதல் ஷிப்ட். ஆக சாயங்காலம் முழுக்க அந்த வீட்டில் நானும் அவனும்தான். இரண்டு வருஷம், யனீரா. அவன் சோற்றைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போவான், நான் சோற்றைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்காருவேன். உனக்குப் போன் செய்யும்போது தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பாய், வளர்ந்துவிட்டான், வாய் நீளம் என்பேன். வாயே திறக்காத பிள்ளையை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கராஜில் புல் வெட்டுகிற இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பிளேடு தீட்டிக்கொண்டிருந்தேன். வில்பர் வந்து கதவோரம் நின்றான். பதினைந்து வயது, என்னைவிட அரை அடி உயரம். கொஞ்ச நேரம் நான் தீட்டுவதையே பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினான். நீளமாகப் பேசினான். நான் நிமிர்ந்து பார்த்து, கையில் கிரீஸ் இருந்தது, அதோடு காதுக்குப் பின்னால் கையைக் குவித்தேன். "என்னது? ஒண்ணும் கேக்கலையே" என்றேன். என் மனசில் என்ன ஓடியது தெரியுமா. பையன் தானாகவே வழிக்கு வருகிறான், இன்னும் ஒரு நிமிஷம் பிடிவாதமாக இருந்தால் பேசிவிடுவான், நான் ஜெயித்துவிடுவேன் என்றுதான் ஓடியது. அவன் என் கையைப் பார்த்தான். பிறகு ஸ்பானிஷில் "ஒண்ணுமில்ல" என்றான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். நான் சந்தோஷப்பட்டேன், மகளே. அம்மா வந்ததும் சொன்னேன், பார்த்தாயா, இன்றைக்கு ஒரு சொல், நாளைக்கு இரண்டு சொல், வேலை செய்கிறது என்றேன். இதே வார்த்தையைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீயும் சொன்னாய்.

அடுத்த வியாழக்கிழமை உன் தம்பி சாகப் பார்த்தான். எப்படி என்று நான் எழுத மாட்டேன், அது அவன் சொல்ல வேண்டியது, சொல்ல வேண்டாமென்றால் விட வேண்டியது. அன்றைக்கு ஆலையில் ஏதோ பழுதாகி லைன் நின்றுபோனதால் அம்மாவை ஆறு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் பிழைத்தான். நான் வீட்டில்தான் இருந்தேன், தொலைக்காட்சி முன்னால். அவள்தான் அவன் அறைக் கதவைத் திறந்தாள். உன்னிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னோம், பரீட்சையை விட்டுவிட்டு வராதே என்று சொன்னோம். இத்தனை வருஷமும் அவனுக்குக் குடல்வால் இல்லை என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவும் நானும் உன்னிடம் சொன்ன பொய் அது, மன்னித்துக்கொள். அவன் வயிற்றில் ஒரு கீறலும் கிடையாது.

மூன்றாம் நாள் ஒரு டாக்டர் அம்மாள் எங்களை அவன் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஸ்பானிஷ் தெரிந்தவர் யாரும் அப்போது இல்லை. கட்டில்மேல் ஒரு போனை வைத்து, அதில் மொழிபெயர்க்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். கொலம்பியாக்காரி, குரலை வைத்துச் சொல்கிறேன். டாக்டர் கேட்பாள், வில்பர் கூரையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் சொல்வான், அந்தப் பெண் ஸ்பானிஷில் எங்களுக்குச் சொல்வாள். அவர்கள் வேலை எப்படி என்றால், அவன் சொல்கிறான் என்று சொல்ல மாட்டார்கள், அவனாகவே பேசுவார்கள். "எனக்கு ஆறு மாசமா தூக்கமே இல்ல" என்றாள். "பள்ளிக்கூடத்துல நான் மெக்சிகோக்காரன்னு திட்டுறாங்க, நான் மெக்சிகோக்காரனே இல்ல. ஊருக்குப் போனா வெள்ளைக்காரன்னு சிரிக்கிறாங்க" என்றாள். "எங்க வீட்டுல யாருக்கும் என் பேச்சு கேக்காது" என்றாள். "சனிக்கிழமை அப்பாகிட்டப் போய்ச் சொன்னேன். அவருக்குப் புரியல" என்றாள். என் மகனுடைய மனசை நான் முதல்முதலாகக் கேட்டது யாரோ ஒரு பெண்ணின் குரலில், ஒரு போன் பெட்டியிலிருந்து. உன் அம்மா அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் போனைப் பார்த்துத்தான் பேசினேன், அவனைப் பார்க்க முடியவில்லை. அப்பாவை மன்னித்துவிடு என்று அவனிடம் சொல்லுங்கள் என்றேன். அவள் சொன்னாள், அழகான இங்கிலீஷில். வில்பர் என்னவோ சொன்னான். அவள் எனக்குச் சொன்னாள்: "பரவாயில்லப்பா. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே. உங்க மேல தப்பில்ல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். சட்டத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம். எடுத்து என்ன, அதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசுவதற்கு மொழியே மிச்சமில்லை. என் இங்கிலீஷ் அவனுக்குப் பாவமாக இருக்கும், அவன் ஸ்பானிஷ் அந்தக் காகிதத்தோடு மடிந்துபோய்விட்டது. அவன் துல்சாவில் ஏசி ரிப்பேர் செய்கிறான், நல்ல சம்பளம், குடியில்லை, யாருக்கும் கெடுதல் நினைக்காத பிள்ளை. அம்மாவுக்கு வாரம் இரண்டு தரம் போன் செய்வான். அவள் போனை என்னிடம் தருவாள். அங்கே மழையா என்பான், ஆமாம் மழை என்பேன். வண்டி எப்படி ஓடுகிறது என்பான், நன்றாக ஓடுகிறது என்பேன். அவ்வளவுதான். பெர்த்தா மகளோடு சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்தவன் நான். எங்களுக்குள் அந்தச் சிரிப்புகூட இல்லை.

திங்கட்கிழமை நானே அவனைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதும் பயந்துவிட்டான், அம்மாவுக்கு ஏதாவதா என்றான். நூலகத்தில் செவ்வாயும் வியாழனும் நடக்கிற இங்கிலீஷ் வகுப்புக்கு நான் ஒரு வருஷமாகப் போகிறேன், உன்னிடம் சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி விஷயத்தை உன் அக்காவிடம் சொல்லட்டுமா, கமீலோவுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்டேன். அவன் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் குழந்தைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "சொல்லுங்கப்பா. ஆனா உங்க மேல தப்பில்லன்னும் சேத்து எழுதுங்க. உங்களுக்கு அப்போ இங்கிலீஷ் தெரியாதுன்னு அக்காவுக்கு எழுதுங்க." நான் சரி என்றேன்.

யனீரா, எனக்குப் புரிந்தது. இதைத்தான் எழுத வந்தேன், இவ்வளவு தூரம் சுற்றிவிட்டேன். அன்றைக்குக் கராஜில் அவன் பேசியது எல்லாம் புரியவில்லை, முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் பதினைந்து வருஷம் ஆலையில் வெள்ளைக்காரச் சூப்பர்வைசர்களிடம் ஏச்சு வாங்கியவன் நான், நான் ஒன்றும் மரமில்லை. டயர்ட் என்றான், புரிந்தது. பயமாக இருக்கிறது என்றான், புரிந்தது. கடைசியில் ஹெல்ப் என்றான், அதுவும் அப்பா என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு தரம் சொன்னான். ஆலையில் யாராவது ஓடுகிற இயந்திரப் பட்டையில் கையை விட்டுவிட்டால் கத்துகிற சொல் அது, அதைக் கேட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவோம். அந்தச் சொல்லை என் பிள்ளை என் முகத்துக்கு நேராகச் சொன்னான், நான் காதில் கையை வைத்தேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. வில்பருக்குத் தெரியாது. பாவ சங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூட நான் சொன்னதில்லை, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று வேறு எதையாவது சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இப்போது நீ யோசி. எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்தது, ஊரே நம்புகிற மாதிரி ஒரு சாக்கு. உனக்கு அதுவும் கிடையாது. கமீலோ செவ்வாய்க்கிழமை சொன்னது ஒவ்வொரு சொல்லும் உனக்குப் புரியும், அவனுக்கும் அது தெரியும். எட்டு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு மொழி தெரியாது என்று நினைத்துச் சமாதானம் ஆகிவிட முடியாது, அம்மாவுக்குக் கேட்க இஷ்டமில்லை என்றுதான் நினைப்பான். அவன் சொல்லி முடிக்கவில்லை என்று நீயே சொன்னாய், அதனால் விஷயம் என்னவென்று உனக்குத் தெரியாது. சின்ன விஷயமாக இருக்கலாம். யாராவது அவன் பென்சிலைப் பிடுங்கியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். போய்க் கேள். இங்கிலீஷில் கேள். ஒன்றுமில்லை என்பான், மறந்துவிட்டது என்பான், எழுந்து வந்துவிடாதே, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திரு. டெரெக்கையும் உட்காரச் சொல்.

ஸ்பானிஷை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ உன் மொழியிலேயே பேசு, திட்டுவதும் கொஞ்சுவதும் தாலாட்டுவதும் அதிலேயே இருக்கட்டும், அவன் எதில் பதில் சொன்னாலும் பதிலை வாங்கிக்கொள். தப்பாகப் பேசினால் திருத்தாதே, யாராவது சிரித்தால் அவர்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்பு, அது நானாக இருந்தாலும் சரி. இப்படி விட்டால் அவனுக்கு வராமலே போய்விடுமோ என்று கேட்பாய். போகலாம். எனக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவன் பெரியவனாகி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றால், எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லாமல் போகலாம். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வந்து நிற்பான் இல்லையா. எனக்கு அது போதும்.

சனிக்கிழமை காலையில் நான் துல்சாவுக்குப் போகிறேன். இரண்டு மணி நேர ஓட்டம். வண்டிக்கு ஏசி பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், மார்ச் மாதத்தில் எதற்கு ஏசி என்று இன்னும் அவளுக்கு உறைக்கவில்லை. வில்பரிடம் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பு டீச்சரிடம் காட்டவில்லை, தப்பு இருந்தால் இருக்கட்டும். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான் வாக்கியம். இங்கிலீஷ் தெரியாத அப்பனுக்கு என்று அவன் ஒரு மன்னிப்புக் கொடுத்தான், அது எனக்கு உரியது இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டு வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிட்டால் போவேன். கதவைச் சாத்தினால், அதையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்டவரும் மாதாவும் உன்னையும் உன் பிள்ளைகளையும் இறக்கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் உடம்பு சுகம் குறையாமல், டெரெக் வேலை நிலைத்து, நோயெமிக்கு மூக்கடைப்பு தீர்ந்து நன்றாக இருங்கள். உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட மறக்காதே, காப்பிக்கு முன்னால். இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுக்காதே, அவளிடம் நானே சொல்வேன், முதலில் வில்பர். கமீலோ என்ன சொன்னான் என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன். அவனே பேசினால் இன்னும் நல்லது. அவன் இங்கிலீஷிலேயே பேசட்டும். எனக்குக் கேட்கும் என்று சொல்.

உன்னை ஆசீர்வதிக்கும் அப்பா,
ஒவீதியோ மென்ஹீவார்